உதவி வாங்கிய ஊர் யாருக்குக் கொடுத்தது?

#1 சுன்னாகச்சந்தி

டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்துக்குக் காசு சேர்க்கிற விஷயத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பெரிய வாய்த்தர்க்கம் ஒன்று நடந்தது. அதைக் கொண்டுவந்து இங்கே கொட்டுகிறேன், குறை நினைக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மலை சரிந்து சனம் வீட்டோடு புதைந்த செய்தி வந்த உடனேயே இளம் பெடியள் உண்டியலோடு இறங்கிவிட்டார்கள். வயது போன ஒருவர் நேரே கேட்டார்: “வன்னியில எங்கட சனம் செத்துக்கொண்டிருக்கேக்க ஆர் வந்தவை? இப்ப நாங்கள் ஏன் ஓடவேணும்?” ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை.

எனக்கு அந்தக் கேள்வியை விட வேறொன்றுதான் குடைகிறது. இருநூறு வருஷமாக இந்த யாழ்ப்பாணக் குடாநாடு பிறத்தியாரிடம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. 1816இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கிய அமெரிக்க மிஷன், மானிப்பாய் ஆஸ்பத்திரி, பெண்களுக்கென்று இணுவிலில் கட்டிய மக்லியொட் ஆஸ்பத்திரி, போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம், மந்திகையில் இருந்த வெளிநாட்டு டொக்டர்மார், இன்றைக்கும் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிறவர்கள். மொழி தெரியாது, சாமி வேறு, சாப்பாடு வேறு, முன்பின் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. வந்து செய்தார்கள். சரி, எங்கள் ஆள் இல்லாத ஒருவருக்கு நாங்கள் செய்த கணக்கு எவ்வளவு? சொந்தத்துக்கும் ஊருக்கும் படித்த பள்ளிக்கூடத்துக்கும் செய்ததை நான் கேட்கவில்லை. பிறத்தியாருக்கு.

#2 பனங்காய்ப்பணியாரம்

கொடுத்த கணக்கோ? கனடாவுக்கும் லண்டனுக்கும் பெடியளைக் கொடுத்தோம். போதாதோ.

(பகிடி. கோபிக்காமல் தொடருங்கள், வாசிக்கிறேன்.)

#3 மானிப்பாய்மேற்கு

மானிப்பாய் ஆஸ்பத்திரி என்று ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேணும். டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்தபோது வயது இருபத்தைந்துதான். மானிப்பாயில் வைத்தியம் பார்க்கத் தொடங்கி, அதோடு நிற்காமல் உள்ளூர்ப் பெடியளுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். முதலில் இங்கிலிஷில்தான் வகுப்பு. இங்கிலிஷில் படித்தவன் படிப்பு முடிந்த கையோடு அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போகிறான், கிராமத்துச் சனத்துக்கு அவனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று கண்டதும், தமிழிலேயே படிப்பிக்க மாறினார். தமிழில் புத்தகம் எங்கே? தானே இருந்து, தன் மாணவர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, உடற்கூறு, பிள்ளைப்பேறு, இரண வைத்தியம், இரசாயனம் என்று 4,000 பக்கத்துக்கு மேல் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் டொக்டர்மார் அவரிடம் படித்து வெளியே போனார்கள். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அங்கே இருந்தபடி தமிழ் வேலையை விடவில்லை. 1884இல் மசாசுசெட்சில் இறந்தார், கல்லறையில் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கும்படிதான் கேட்டிருந்தார். ஒரு முழு வாழ்க்கை அப்பா அது. இங்கே பிறந்து இங்கே படித்த எத்தனை பேர் அப்படி ஊருக்கு என்று ஒதுக்கினோம்?

மறைக்காமல் மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். ஆள் வந்தது மதம் பரப்ப. மருந்து வாங்கப் போன சனம் பிரசங்கமும் கேட்டுவிட்டுத்தான் வந்தது. அப்படியானால் அது இரக்கமா, கணக்குப் போட்ட வேலையா? என் அம்மம்மாவிடம் கேட்டால், “பேதி வந்து கிடக்கேக்க மருந்து தாறவன்ர சாமியை ஆர் பாக்கிறது” என்பார். அந்தப் பதில் எனக்குப் பாதிதான் திருப்தி. ஆனால் இந்த விஷயத்தில் முழுத் திருப்தியான பதிலை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.

#4 வில்வமரத்தடி

இப்படித்தான் எப்போதும் தொடங்குவது. மிஷன் வந்தது, வெள்ளைக்காரன் வந்தான், அவன் வந்துதான் எங்களுக்கு இரக்கம் படிப்பித்தான் என்று. கிறீன் மானிப்பாயில் வேலை தொடங்கிய அதே 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1877 பஞ்சத்தில் சனம் பசியால் செத்தபோது அதே நாவலர்தான் காசு திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். செல்வச்சந்நிதிக் கோயில் முருகனை ஏன் அன்னதானக் கந்தன் என்கிறோம்? வருகிறவனை யார் எவர் என்று கேட்காமல் இலையில் இருத்துவதால்தான். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மா கோயில் காசில் பெண் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார், போர் நடுவில் எத்தனை அனாதைப் பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுப் படித்து வளர்ந்தன. இதற்கெல்லாம் ஜெனீவாவில் இருந்து ஒருவரும் வந்து பாடம் எடுக்கவில்லை.

#5 சுன்னாகச்சந்தி

வில்வமரத்தடி அண்ணை, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நான் கேட்டது வேறு. நீங்கள் எழுதிய பட்டியலில் எங்கள் ஆள் அல்லாதவர் யார்?

#6 ஐந்துசந்தி

பிறத்தியார், பிறத்தியார் என்கிறீர்கள். அதற்கு முதல் பக்கத்து வீட்டைப் பார்ப்போமா?

1990 ஒக்டோபர் 30. புலிகள் இயக்கம் இரண்டு மணித்தியாலம் தந்தது. யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்து வளர்ந்த சனம், தாலாட்டும் தமிழ், சண்டையும் தமிழ், உடுத்த துணியோடு வெளியே. நகையைக் கழற்றி வாங்கினார்கள். வடக்கு முழுவதிலும் சேர்த்தால் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். என் உம்மா இன்றைக்கும் சொல்வது, பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா ஒருவர் மதிலுக்கு மேலால் இரண்டு றாத்தல் பாணும் ஒரு போத்தல் தண்ணீரும் நீட்டினாராம், அழுது அழுது நீட்டினாராம். அந்த வீதியில் கதவு திறந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற ஜன்னல் எல்லாம் சாத்தியே இருந்தன.

புத்தளத்தில் எங்களை ஏற்றுக்கொண்டதும் ஏழைச் சனம்தான். பள்ளிவாசலில் படுத்தோம், பிறகு தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில் போட்டோம். சமைத்த சோறு வீடு வீடாக வந்தது. வருஷம் போகப் போகத் தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் இழுபறி வந்து, அதே சனம் “அகதி” என்று ஏசவும் செய்தது. அதையும் எழுதுகிறேன், எங்கள் ஆட்கள் மலக்குகள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இரக்கம் முதல் மாதத்தில் எல்லாருக்கும் வரும். பத்தாவது வருஷத்தில்தான் ஆளைப் பார்க்கவேணும்.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பினால் ஒரு அலுவலகத்தில், “உங்கள் பதிவு புத்தளத்தில்தானே, வீட்டுத்திட்டத்தில் உங்களை எப்படிச் சேர்ப்பது” என்று கேட்டார்கள். புத்தளத்தில், “நீங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள்தானே” என்றார்கள்.

#7 வில்வமரத்தடி

நடந்தது அநியாயம், அதில் இரண்டு கதை இல்லை. ஆனால் அது இயக்கம் செய்தது தம்பி, சனம் செய்யவில்லை. அன்றைக்கு வாய் திறந்தவன் கதி என்ன என்று உங்களுக்கும் தெரியும்.

#8 ஐந்துசந்தி

தெரியும் அண்ணை. அதனால்தான் அன்றைய நாளைப் பற்றி நான் ஒருவரையும் கோபிப்பதில்லை. 2009க்குப் பிறகு வாய் திறக்கலாமே. திரும்பி வந்த குடும்பங்களுக்கு எத்தனை ஊர்ச் சங்கம், எத்தனை பழைய மாணவர் சங்கம் ஒரு கிணறு இறைத்துக் கொடுத்தது? நான் சண்டைக்கு வரவில்லை, சுன்னாகத்து அண்ணை கணக்குக் கேட்டார், அதனால் எழுதினேன்.

#9 நடத்துனர்

யார் யாரைச் சுட்டது என்ற விவாதத்துக்கு அரசியல் பகுதி இருக்கிறது, அங்கே போய் விடிய விடிய எழுதலாம். இதிலிருந்து மூன்று பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். இந்த இழையில் உதவி பற்றி மட்டும்.

#10 மந்திகைஓய்வு

நான் மந்திகை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எம்.எஸ்.எஃப். என்ற எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பின் ஆட்கள் இருந்த காலத்தை உள்ளே நின்று பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெல் விழுந்த நாட்களில் உழவு மெஷினிலும் சைக்கிள் கரியரிலும் கதவுப் பலகையிலும் காயக்காரர் வந்து விறாந்தையில் வரிசையாகக் கிடப்பார்கள். வெளிநாட்டு டொக்டர் ஒவ்வொருவராகக் குனிந்து, கண் மடலை இழுத்துப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்து, கையில் பிளாஸ்ரர் துண்டு ஒட்டி இலக்கம் எழுதிக்கொண்டு போவார். இவர் முதலில் உள்ளே, இவர் பொறுக்கலாம், இவருக்கு ஊசி மட்டும் போட்டு அமைதியாக விடுங்கள். அந்த மூன்றாவது இலக்கத்தை எழுதுவது எங்கள் ஆட்களால் முடியாத காரியம், ஏனென்றால் கிடக்கிறவர் மகனோடு படித்தவர், சம்பந்தி வீட்டார், நேற்றுக் கடையில் கண்டு கதைத்தவர். பிறத்தியானாக இருப்பதில் ஒரு பலம் உண்டு என்பதை அந்த விறாந்தையில்தான் கண்டேன். அந்த டொக்டருக்குத் தெரிந்த தமிழ் “நோகுதோ”, “மூச்சு எடுங்கோ”, பிறகு ஒரு “சரி சரி”. அதைக் கேட்டே ஆச்சிமார் அழுகையை நிற்பாட்டிவிடுவார்கள். ஆர் என்று கேட்காதே, எவ்வளவு இரத்தம் போகிறது என்று பார், அதுதான் அவர்களுடைய சட்டம். இதைப் பக்கச்சார்பின்மை என்று பிறகு செயலமர்வில் படம் போட்டுப் படிப்பித்தார்கள், எங்களுக்கு அது புதிய பாடமாக இருக்கவில்லை.

ஆனால் ஒன்று. அந்த டொக்டர் சில மாதத்தில் போய்விடுவார், அடுத்தவர் வருவார். போகாமல் நின்றது யார்? ஊரடங்கில் வெள்ளைத் துணியைத் தடியில் கட்டிக்கொண்டு வேலைக்கு நடந்து வந்த தாதி, இரவெல்லாம் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நித்திரை முழித்த தொழிலாளி. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டொக்டர் சிவபாதசுந்தரம் சுடப்பட்டது யாருக்கு மறக்கும்? 2006 ஓகஸ்ட் 4 மூதூரில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் 17 பேரைக் கொன்றார்களே, பதினேழும் உள்ளூர்ப் பிள்ளைகள். தண்ணீர் வேலைக்குப் போனவர்கள், நிறுவனத்தின் ரீசேர்ட்டைப் போட்டபடியே கிடந்தார்கள். 2008 செப்டெம்பரில் ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது சனம் வாசலில் குந்தி இருந்து போகாதீர்கள் என்று கெஞ்சியது, வெளிநாட்டுக்காரர் போனார்கள், செஞ்சிலுவைச் சங்கம் நின்றது. அடுத்த வருஷம் புதுமாத்தளன் கரையில் இருந்து கப்பலில் ஆயிரக்கணக்கான காயக்காரரையும் கூட வந்தவர்களையும் ஏற்றியது அந்தச் சங்கம்தான். அதன் ஊழியர் மூன்று பேர் அந்த மாதங்களில் செத்தார்கள்.

செஞ்சிலுவை பிறந்த கதையே அப்படித்தான். 1859இல் இத்தாலியில் சொல்பரினோ சண்டை முடிந்த அன்று ஹென்றி டுனாண்ட் என்ற சுவிஸ் வியாபாரி தற்செயலாக அந்தப் பக்கம் போனார். பக்கத்து ஊர் காஸ்திலியோனில் பெண்கள் தேவாலயத்துக்குள் காயப்பட்டவர்களைக் கிடத்தி, எல்லாரும் சகோதரர்தான் என்று சொல்லி எதிரிப் படையாளுக்கும் தண்ணீர் பருக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து, தானும் சேர்ந்து செய்து, பிறகு எழுதி, அலைந்து திரிந்துதான் 1863இல் செஞ்சிலுவையும் 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கையும் வந்தன. டுனாண்டுக்கு 1901இல் முதல் நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பெண்களில் மகனையோ புருஷனையோ போருக்கு அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள். எதிரிக்குத் தண்ணீர் கொடுக்க அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

#11 முகமாலைக்காற்று

சம்பளம் என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். நான் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம், பலர் தனியாகக் குடும்பம் கொண்டு நடத்துகிறவர்கள்.

முழங்காலில் இருந்துதான் வேலை. முன்னுக்குக் கனமான அங்கி, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, வெயில் ஏற ஏற மூச்சு அதற்குள்ளேயே நின்று புகைக்கும். கையில் நீளப் பிடி போட்ட வாரி. மண்ணை மேலே இருந்து கொத்தக்கூடாது, முன்பக்கமாகச் சரித்து, சரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுக்கவேணும். பிளாஸ்ரிக் வெடி என்றால் பச்சையோ பழுப்போ ஒரு விளிம்பு தெரியும், ஜொனி வெடி என்றால் உக்கிப்போன பலகைத் துண்டு. தெரிந்ததும் கையை எடுத்து, தடி நட்டு, பின்னுக்கு வந்து மேற்பார்வையாளரைக் கூப்பிடவேணும். ஒரு நாளில் துப்புரவாக்குவது சில சதுர மீற்றர்தான். இரண்டு பக்கத்து வெடியும் ஒரே மண்ணில் இருக்கிறது, யார் புதைத்தது என்று மண்ணுக்குத் தெரியாது, எனக்கும் அது வேலையில்லை.

ஜப்பான், பிரித்தானியா, அமெரிக்கா என்று எங்கிருந்தோ வருகிற காசில்தான் எனக்குச் சம்பளம். ஒருநாள் ஒரு சொந்தக்காரர் கேட்டார், “நீ காசுக்குத்தானே போறாய், பிறகென்ன சேவை எண்டு கதைக்கிறாய்?” ஓம், காசுக்குத்தான் போகிறேன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கவேணும். அதே காசுக்கு ஒரு கடையில் நிற்கலாம். நான் துப்புரவாக்கின காணியில் இப்போது ஒரு குடும்பம் கச்சான் போடுகிறது, அவர்களை எனக்குத் தெரியாது, என்னையும் அவர்களுக்குத் தெரியாது. சுன்னாகத்து அண்ணை, உங்கள் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

#12 பனங்காய்ப்பணியாரம்

அக்கா, கொடுத்த பக்கம்தான். பகிடி இல்லை.

#13 ஸ்கார்பரோக்குளிர்

வெளிநாட்டுக் காசு பற்றி இங்கே வருகிற ஒவ்வொரு இழையிலும் எங்களுக்கு அடி விழும், இதில் இன்னும் விழவில்லை, அதனால் நானே வந்துவிட்டேன்.

நான் ஊரில் இருந்த ஒரு யூரியூப் தம்பி மூலம் ஒரு குடும்பத்துக்குக் கோழிக்கூடு போடக் காசு அனுப்பினேன். வீடியோ வந்தது. அந்த அம்மா கதைத்து முடிந்த பிறகு தம்பி கேட்கிறார், “அம்மா, காற்றுச் சத்தத்தில சரியாப் பதியேல்ல, புருஷன் செத்த இடத்தில இருந்து இன்னொருக்காச் சொல்லுங்கோ.” வெட்ட மறந்துபோய் அப்படியே ஏற்றிவிட்டார். பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன், பஸ்ஸில் முழுக்க அந்தக் குரல்தான்.

ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். குளிரில் இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு, இடையில் எத்தனை பேர் தின்றிருக்கிறார்கள். ஆதாரம் வேண்டாமோ? வீடியோ வேண்டாம் என்றால் வேறு என்ன வழி? சொல்லுங்கள், நான் செய்கிறேன்.

#14 அரியாலைவெயில்

நான் அந்தப் பக்கத்தில் நின்றவள். ஆறாம் வகுப்பில் மேடையில் ஏற்றிப் புத்தகப்பை தந்தார்கள். பையின் ஒரு காதை அவர் பிடித்திருக்க மற்றக் காதை நான் பிடித்து கமராவைப் பார்த்துச் சிரிக்கவேணும், படம் எடுத்து முடியும்வரை அவர் விடவில்லை. அடுத்த நாள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும் எங்கள் வீட்டில் இல்லை என்று. பை நல்ல பை, இரண்டு வருஷம் பாவித்தேன்.

ஸ்கார்பரோ அண்ணா, வழி கேட்டீர்கள். கடைச் சிட்டை, வங்கிச் சிட்டை, கட்டின கோழிக்கூட்டின் படம், இவை போதும். கூட்டுக்குள் கோழி நிற்கட்டும், அம்மா நிற்கத் தேவையில்லை.

#15 கொட்டாஞ்சேனை

இங்கே வடக்கு வடக்கு என்றே போகிறது. நான் கொழும்பில் இருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2011இல் தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் நாட்டின் கீழிருந்து மேலே நடந்து காசு சேர்த்தார்கள். தொடங்கிய இருவரில் ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். தென்பகுதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிரிக்கெட்காரர் எல்லாம் கூட நடந்தார்கள். போர் முடிந்து இரண்டு வருஷம்தான், அந்த நேரத்துச் சூழலை நினைத்துப் பாருங்கள். இனி சுன்னாகத்துக்காரர் கேட்ட கணக்குக்கு வருகிறேன்: 2016இல் அதே நடையை மேலிருந்து கீழே நடந்தார்கள், பருத்தித்துறையில் தொடங்கி தேவேந்திரமுனைக்கு, காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய்ப் பிரிவு கட்ட. எங்கள் பெடியளும் நடந்தார்கள், உண்டியல் குலுக்கினார்கள்.

மற்றது கண். ஹட்சன் சில்வா என்ற சிங்கள டொக்டர் தொடங்கிய கண் தானச் சங்கம் 1964இல் தெர்மஸ் போத்தலில் ஐஸ் போட்டுக் கண்ணைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. அன்று தொடக்கம் எத்தனையோ நாட்டுக்குப் போகிறது, கூடுதலாகப் பாகிஸ்தானுக்கு. புத்த சமயத்துக்காரர் கொடுத்த கண்ணால் கராச்சியில் ஒருவர் குர்ஆன் ஓதுகிறார். அவர்களுக்கு அதற்கு ஒரு கதை இருக்கிறது, சிபி அரசன் கேட்டவனுக்குத் தன் கண்ணைத் தோண்டிக் கொடுத்தான் என்று. எங்களுக்கும் அதே சிபி இருக்கிறான், புறாவுக்குத் தசை அரிந்தவன், போதாததற்குக் கண்ணப்பரும் இருக்கிறார். கதை எல்லாரிடமும் இருக்கிறது. கண் தானப் படிவத்தில் கையெழுத்து வைத்தவர்கள் இந்தக் களத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் இழை அப்படியே அமைதியாகிவிடும், எனக்குத் தெரியும்.

#16 மானிப்பாய்மேற்கு

நான் வைத்திருக்கிறேன். மனுஷி வைக்கவில்லை, அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

#17 கிளிநொச்சிக்குளம்

ஏழு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதுவோமா விடுவோமா என்று. என் தாத்தா கண்டிப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். 1977 கலவரத்தில் தோட்டத்து லயன் வீடுகளைக் கொளுத்தியதும் வன்னிக்கு வந்தோம். நீங்கள் இந்த இழை முழுக்க மலையகச் சனத்தைப் “பிறத்தியார்” என்று எழுதி, அவர்களுக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பிறத்தியார் இங்கேயே இருக்கிறோம், உங்கள் வயலை அறுத்து, உங்கள் கிணற்றை வெட்டி.

வாசிகசாலையில் அந்த ஐயா கேட்டாரே, வன்னியில் சாகும்போது யார் வந்தார்கள் என்று. ஐயா, நாங்கள் வரவில்லை, நாங்கள் அங்கேயே செத்தோம். முள்ளிவாய்க்காலில் கிடந்த சனத்தில் தோட்டத்தில் இருந்து வந்த குடும்பங்கள் எத்தனை என்று ஊருக்கு ஊர் கேட்டுப் பாருங்கள்.

கணக்குக் கேட்டால் கணக்குச் சொல்கிறேன். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தபோது யாழ்ப்பாணத் தலைமை ஒன்றாக நின்று தடுக்கவில்லை. செல்வநாயகம் ஐயா அதை எதிர்த்து நின்றார், தமிழரசுக் கட்சி 1949இல் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இது ஒரு வரி. அடுத்த வரி காந்தீயம் என்ற அமைப்பு. டேவிட் ஐயா கட்டடக் கலைஞர், டொக்டர் இராஜசுந்தரம் வைத்தியர், இரண்டு பேரும் நினைத்திருந்தால் கொழும்பிலோ லண்டனிலோ வசதியாக இருந்திருக்கலாம். வவுனியாப் பக்கம் காட்டு ஓரத்தில் எங்கள் சனத்தைக் குடியேற்றி, பாலர் பள்ளி வைத்து, பால் கொடுத்து, மருந்து கொடுத்து நின்றார்கள். அதற்குக் கிடைத்தது சிறை. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் அடித்துக் கொல்லப்பட்டார். சுன்னாகத்து அண்ணை, நீங்கள் தேடுகிற ஆள் அவர். சொந்தம் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. மானிப்பாய் டொக்டரைப் பற்றி அவ்வளவு எழுதிய இழையில் இந்த டொக்டரின் பெயர் இவ்வளவு நேரமும் வரவில்லை என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரி. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்களில் காணியும் வெளிநாட்டில் பிள்ளையும் உள்ளவர்கள் சில வருஷத்தில் முகாமை விட்டுப் போய்விட்டார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்தும் சுன்னாகம், மல்லாகம் முகாம்களில் மிஞ்சிக் கிடந்தது யார், எந்தச் சாதி? அவர்களிடம் உங்கள் வாசிகசாலையில் இருந்து எத்தனை நிமிஷத்தில் நடந்து போகலாம்?

#18 சுன்னாகச்சந்தி

வாசித்தேன். பதில் என்று எழுத ஒன்றும் இல்லை. இதை அப்படியே அச்சடித்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்போகிறேன், உங்களுக்குச் சம்மதம் என்றால்.

#19 கிளிநொச்சிக்குளம்

ஒட்டுங்கள். சாதி பற்றிய வரியை வெட்டாமல் ஒட்டுங்கள்.

#20 வில்வமரத்தடி

தங்கச்சியோ தம்பியோ தெரியாது, இராஜசுந்தரம் ஐயாவை நினைவுபடுத்தினதுக்கு நன்றி. வவுனியாவில் அவரை நேரில் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாட்டில் இருந்து அரிசி 40,000 தொன், பால்மா 500 தொன், மருந்து என்று அனுப்பத் தீர்மானித்தார்களே. முதலில் ஈழத்தமிழருக்கு என்றுதான் பேச்சு. இங்கே இருந்த தமிழர் தரப்பு, எங்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லாச் சனத்துக்கும் அனுப்புங்கள் என்று கேட்டதாக ஸ்டாலின் சட்டசபையிலேயே சொன்னார். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாங்களே நாள் முழுக்க வரிசையில் நின்ற நேரம் அது. அந்தச் சாமானில் மாத்தறையில் ஒரு வீட்டில் கஞ்சி காய்ச்சியிருப்பார்கள். அதையும் கணக்கில் எழுதுங்கள். மற்றது, எங்கள் கோயில் மடம் சும்மாதான் கிடக்கிறது, சாமான் அடுக்கி வைக்க வேணுமென்றால் திறப்பு என்னிடம் இருக்கிறது. யார் கொண்டுவந்தாலும் அடுக்கலாம், எவர் என்று பார்க்கமாட்டோம்.

#21 சுன்னாகச்சந்தி

சரி, இனி வேலைக்கு வருவோம். உண்டியலில் சேர்ந்த காசை எடுக்க வாசிகசாலைக் கூட்டம் சம்மதித்துவிட்டது, எதிர்த்த ஐயாவும் கை தூக்கினார், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினார், பரவாயில்லை.

பதுளைப் பக்கத்து ஆசிரியர் ஒருவரோடு கதைத்தோம். பழைய உடுப்பு வேண்டவே வேண்டாமாம், மலை மாதிரிக் குவிந்து மழையில் ஊறிக் கிடக்கிறதாம். அரிசியும் இப்போதைக்குப் போதும். தேவை என்று அவர் சொன்னது: பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி, சப்பாத்து (அளவு எழுதி அனுப்புகிறார்), பெண்களுக்கு உள்ளாடையும் அணையாடையும், நல்ல தடித்த தறப்பாள், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை. பிறகு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் தொலைந்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப ஆள். கடைசியாகச் சொன்னது எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை, அவர்தான் அதை இரண்டு தடவை சொன்னார்.

கமரா கொண்டு வருகிறவர் லொறியில் ஏற வேண்டாம். சிட்டைகள் எல்லாம் இந்த இழையிலேயே போடப்படும்.

#22 ஸ்கார்பரோக்குளிர்

தறப்பாள் செலவு என்னுடையது. சிட்டை போதும்.

#23 ஐந்துசந்தி

விண்ணப்பம் நிரப்பும் வேலைக்கு நான் வருகிறேன். பத்திரம் இல்லாமல் எந்தெந்த மேசைக்கு அலையவேணும், எந்த மேசையில் என்ன சொல்வார்கள் என்பது எங்களுக்கு நல்ல பழக்கம். வெலிமடையில் பள்ளிவாசல் ஆட்களைத் தெரியும், இரவு தங்க அங்கே இடம் எடுக்கலாம், சாப்பாடும் பார்ப்பார்கள். ஆனால் மரக்கறிதான் வேணும் என்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அண்ணை, உங்களைத்தான்.

#24 வில்வமரத்தடி

பருப்பும் சோறும் போதும். புளி கூடப் போடச் சொல்லாதே.

#25 பனங்காய்ப்பணியாரம்

லொறிக்குச் சாரதி சரியா? மலை றோட்டு ஓடிப் பழகின ஆள் வேணும், இங்கே தட்டையில் ஓடுகிறவர்களை நம்பி ஏறமாட்டேன். எங்கள் சித்தப்பா ஹற்றன் பக்கம் பஸ் ஓடினவர், சிங்களமும் தண்ணீர் மாதிரிக் கதைப்பார். வெற்றிலையும் ரீயும் கொடுத்தால் வருவார். கேட்டுவிட்டு இரவைக்கு எழுதுகிறேன்.